கருப்பு பீன்ஸ் பர்கர்: ஈரத்தை மாவால் மறைக்காதீர்கள்

மே மாதக் கடைசியில் மெமோரியல் டே விடுமுறை நெருங்கும்போது நியூ ஜெர்சியில் வீட்டுக்கு வீடு கிரில் அடுப்புகள் கொல்லைப்புறத்துக்கு வந்துவிடும். நான் நடத்தும் வார இறுதிச் சமையல் வகுப்புக்கு அந்தச் சமயத்தில் வரும் தமிழ்க் குடும்பத்தினருக்குப் பெரும்பாலும் ஒரே தேவைதான்: கல்லூரிக்குப் போன பிள்ளை, பால், முட்டை, தேன் உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாத வீகனாகத் திரும்பி வந்திருக்கிறது, விருந்தில் அதற்கென்று ஒரு நல்ல பர்கர் வேண்டும். இரண்டு டின் பீன்ஸ், ஒரு வெங்காயம், கொஞ்சம் சீரகத்தூள், ரொட்டித்தூள் என்று பொருள்கள் எளியவையாக இருப்பதால் இதில் தவறுவதற்கு என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. தவறுவதற்கு நிறையவே இருக்கிறது. நானும் செய்து கடந்த அதே தவறுகளைப் புதியவர்கள் ஆண்டுதோறும் அதே வரிசையில் செய்வதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். உப்பு கூடியது, அடி கருகியது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஈரத்தை மாவால் சரிசெய்ய முயல்வது

பெரும்பாலானோர் செய்வது இது. டின்னைத் திறக்கிறார்கள், வடிகட்டியில் கொட்டி அலசுகிறார்கள், இரண்டு முறை உதறிவிட்டு அப்படியே ஃபுட் பிராசஸரில் போடுகிறார்கள். அதனுடன் பச்சை வெங்காயம், குடைமிளகாய், கொத்தமல்லித்தழை, சிலர் சுவைக்காக இரண்டு கரண்டி சால்ஸா. ஓட்டிப் பார்த்தால் கலவை தளதளவென்று கையில் ஒட்டுகிறது. உடனே ஒரு கைப்பிடி ரொட்டித்தூள், போதவில்லையென்றால் இன்னொரு கைப்பிடி, அதற்கும் மேலே ஓட்ஸ் அல்லது மைதா. கடைசியில் உருட்டித் தட்டும் பதம் வந்துவிடுகிறது, முகத்தில் நிம்மதியும் வந்துவிடுகிறது. கல்லில் போட்டதும் வெளிப்புறம் அழகாகச் சிவக்கிறது. பன்னுக்குள் வைத்துக் கடித்தால் உள்ளே இருப்பது பசை; பல்லில் ஒட்டிக்கொண்டு, பன்னின் நான்கு பக்கமும் பிதுங்கி வெளியே வருகிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். உளுந்து வடை மாவில் தண்ணீர் கூடிவிட்டால் ஒரு கைப்பிடி அரிசி மாவைத் தூவிச் சமாளிப்பது நம் வீடுகளில் தலைமுறைகளாக நடப்பது, அங்கே அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் வடைக்கு நாம் அரைப்பது ஊறிய பச்சைப் பருப்பை. அதன் மாவுச்சத்தும் புரதமும் வேகாத நிலையில் இருப்பதால், எண்ணெயில் விழுந்ததும் மாவுச்சத்து நீரை இழுத்து உப்புகிறது, புரதம் இறுகுகிறது, இரண்டும் சேர்ந்து வடையைப் பிடித்துக்கொள்கின்றன. டின் பீன்ஸ் ஏற்கெனவே முழுவதுமாக வெந்தது. அதன் மாவுச்சத்து உப்பவேண்டிய அளவுக்கு உப்பிவிட்டது, புரதமும் இறுகிவிட்டது. அடுப்பில் மறுபடி சூடேறும்போது இறுகுவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. இறைச்சி பர்கருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் அதுவே: இறைச்சி சூட்டில் சுருங்கித் தானே இறுகும், பீன்ஸ் இறுகாது. எனவே கல்லில் போடுவதற்கு முன் கலவை எவ்வளவு ஈரமாக இருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவு ஈரமாகத்தான் பர்கரின் உட்புறம் கடைசிவரை இருக்கும்.

வெந்த கருப்பு பீன்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அலசிய பிறகு தோலின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீர் வேறு. இதற்கு மேல் சேர்க்கும் மாவு அந்தத் தண்ணீரை வெளியேற்றுவதில்லை. தன்னுள் வாங்கிக்கொண்டு அங்கேயே இருக்கிறது, சூடு பட்டதும் கஞ்சியாகிறது. போதாக்குறைக்கு ஒவ்வொரு கைப்பிடி மாவும் சீரகத்தையும் சிபோட்லே மிளகாயின் புகைமணத்தையும் மங்கச் செய்கிறது. சுவை குறைந்ததே என்று இன்னும் உப்பும் இன்னும் மிளகாய்த்தூளும் போடுகிறார்கள். சிக்கல் சுவையில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது என்று அந்த நிமிடத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. "கலவை தளர்வாக இருந்தால் கூடுதலாக ரொட்டித்தூள் சேர்க்கவும்" என்று செய்முறைக்குச் செய்முறை எழுதி வைத்திருக்கும் அந்த ஒற்றை வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. எழுதியவர் அந்த பர்கரை ஒரு முறையாவது கடித்துப் பார்த்திருந்தால் அந்த வரியை நீக்கியிருப்பார்.

இது செலவு மிகுந்த தவறாகவும் இருக்கிறது. மகளின் பட்டமளிப்பு விருந்துக்காக எட்டு டின் பீன்ஸை ஒரே மூச்சில் அரைத்துவிட்ட ஒரு பெண்மணி விருந்தன்று காலையில் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, ஒரு பாக்கெட் ரொட்டித்தூள் முழுசா போட்டுட்டேன், இன்னும் ஒட்டுது. கடலை மாவு போடட்டுமா?" என்றார். போட வேண்டாம் என்று தடுத்தேன். பக்கத்துக்கு ஐந்து நிமிடம் கல்லில் சிவக்கும் பேட்டீஸின், அதாவது பன்னுக்குள் வைக்கத் தட்டும் வட்டங்களின், நடுவில் கடலை மாவு வேகாமல் பச்சை வாசனையுடன் நின்றுவிடும். இருந்த கலவையைத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி ஓவனில் உலர்த்தச் சொன்னேன். ஓரளவு இறுகியது, ஆனால் பர்கராகவில்லை. அன்று மாலை டாக்கோவுக்குள் வைக்கும் பூரணமாக அது செலவானது. பீன்ஸ் முழுதாக இருக்கும்போது 15 நிமிடத்தில் தீர்ந்திருக்கும் காரியத்தை, அரைத்த பிறகு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தீர்க்க முடியாது.

அந்த 15 நிமிட வேலை இதுதான். அலசிய பீன்ஸை நன்றாக வடியவிட்டு, துணியில் பரப்பி ஒற்றியெடுத்து, ஓவன் தட்டில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது ஏறக்குறைய 165 டிகிரி செல்சியஸில், 15 நிமிடம் வையுங்கள். தோல் ஆங்காங்கே வெடித்து, மேற்பரப்பு பளபளப்பை இழந்து, விரலில் ஈரம் ஒட்டாமல் இருந்தால் எடுத்துவிடலாம். அதற்கு மேல் விட்டால் கொறிக்கிற பண்டமாகிவிடும், மசிக்க வராது. ஓவன் இல்லாதவர்கள் அகலமான வாணலியில் எண்ணெய் விடாமல், சிறு தீயில், கிளறாமல் அவ்வப்போது குலுக்கிவிட்டு உலர்த்தலாம்.

வெங்காயத்துக்கும் குடைமிளகாய்க்கும் இதே விதி பொருந்தும். பொடியாக நறுக்கி, உப்புச் சேர்த்து, வாணலியில் தண்ணீர் முழுவதும் வற்றிச் சுருளும்வரை வதக்கி, ஆறவைத்த பிறகே கலக்க வேண்டும். காளான் சேர்ப்பவர்கள் இன்னும் பொறுமையாக வதக்க வேண்டும், ஏனெனில் அதன் எடையில் 90 விழுக்காடு தண்ணீர். சால்ஸா, தக்காளி ஆகியவை பர்கரின் மேலே வைக்க வேண்டியவை, உள்ளே சேர்க்க வேண்டியவை அல்ல.

இப்படி உலர்த்திய பிறகு, 15 அவுன்ஸ் அளவுள்ள இரண்டு டின்னுக்கு அரை கப் ரொட்டித்தூளே போதும். அதனுடன் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்துச் சேர்த்தால் முட்டையின் இடத்தை அது நிரப்பும். ஐந்து பேட்டீஸ் வரும். கலவையில் சிறிது எடுத்து உருட்டி அமுக்கிப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய வெடிப்பு விட வேண்டும், ஆனால் உதிரக் கூடாது, உள்ளங்கையில் ஒட்டவும் கூடாது. வெடிப்பே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது ஈரமான கலவை, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கூழாக அரைப்பது

பிராசஸரை எடுத்து வைத்துவிட்டு முள்கரண்டியை எடுங்கள். மூன்றில் ஒரு பங்கு பீன்ஸ் அரைகுறையாகவாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

"ஊறவைத்து அரைத்துவிட்டால் என்ன?"

வடை விளக்கத்தைச் சொன்னதும் வகுப்பில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். வேகாத பருப்பு தானே இறுகும் என்றால், ஊறிய கொண்டைக்கடலையைப் பச்சையாக அரைத்துப் பொரிக்கும் ஃபலாஃபல் போல, காய்ந்த கருப்பு பீன்ஸையும் ஊறவைத்து அரைத்துத் தட்டிவிடலாமே என்பது அவர்கள் வாதம். புத்திசாலித்தனமான கேள்விதான், ஆனாலும் செய்யாதீர்கள். கருப்பு பீன்ஸும் ராஜ்மாவும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. அவற்றில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் உண்டு. ராஜ்மாவில் அது மிகுதி, கருப்பு பீன்ஸில் குறைவு, ஆயினும் இல்லாமல் இல்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரத்தில் வரும். கொண்டைக்கடலையிலோ கடலைப்பருப்பிலோ இந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. கல்லில் சிவக்கும் கனமான பேட்டீஸின் நடுப்பகுதி அந்தப் புரதம் அழியும் அளவுக்கு நெடுநேரம் கொதிநிலையில் இருப்பதில்லை.

காய்ந்த பீன்ஸை ஸ்லோ குக்கரில் குறைந்த சூட்டில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ராஜ்மாவுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் முறை, குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் கொதிக்கவிடுவது. கருப்பு பீன்ஸுக்கும் அதையே கடைப்பிடிப்பது நல்லது. கொதிக்காத மிதமான சூடு அந்த நச்சை அழிப்பதில்லை, சில வேளைகளில் கூட்டவும் செய்யும். பிரஷர் குக்கரில் வேகவைப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் செய்யும் தவறு குழையவிடுவது. விரலால் நசுக்கினால் நசுங்கும், ஆனால் தோல் கழன்றுபோகாத பதத்தில் நிறுத்த வேண்டும். டின்னில் வருவது ஏற்கெனவே பாதுகாப்பாக வெந்தது.

ஃபிரிட்ஜில் வைக்காமல் சுடுவது

தட்டிய பிறகு குறைந்தது 30 நிமிடம். இதில் சலுகை கிடையாது.

கடையில் வாங்கும் பர்கரின் இறுக்கத்தை எதிர்பார்ப்பது

இறைச்சியைப் போலவே தோற்றமளிக்கும் தாவர பர்கர்கள் பலவற்றின் உறையில் மெத்தில்செல்லுலோஸ் என்றொரு பொருள் குறிப்பிடப்பட்டிருக்கும். அது சூட்டில் இறுகி, ஆறும்போது இளகும் இயல்புடையது. அதனால் அந்த பர்கர்கள் கல்லிலிருந்து இறங்கியதும் உறுதியாக இருக்கின்றன. நம் வீட்டு பர்கர் நேர்மாறானது: சூடாக இருக்கும்போது மென்மையாகவும், ஆறும்போது மாவுச்சத்து இறுகி உறுதியாகவும் மாறும். இதை அறியாதவர்கள் கல்லில் இருக்கும்போதே தோசைக் கரண்டியால் அமுக்கிப் பார்த்து, மென்மையாக இருக்கிறதே என்று மறுபடி மறுபடி புரட்டி உடைத்துவிடுகிறார்கள். மிதமான தீயில், எண்ணெய் தடவிய வார்ப்பிரும்புக் கல்லில், ஒரு பக்கத்துக்கு நான்கு அல்லது ஐந்து நிமிடம், ஒரே ஒரு முறை புரட்டல் போதும். இறக்கிய பிறகு மூன்று நிமிடம் தட்டில் விட்டு, அதன் பிறகு பன்னுக்குள் வையுங்கள்.

நேரடியாக கிரில் கம்பிகளில் போடுவது

ஜூலை 4 அன்று ஒரு நண்பர் வீட்டில் விருந்தாளிகள் சுற்றி நிற்க, உற்சாகத்தோடு கம்பிகளின் மேல் வைக்கப்பட்ட ஆறு பேட்டீஸில் நான்கு கரிக்குள் போயின. மிஞ்சிய இரண்டும் கம்பியை விட்டு வரவில்லை. அவர் மனைவி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்குள் போய்ப் பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைத்தார். கிரில்லின் மேல் வார்ப்பிரும்புக் கல்லை வைத்து அதன் மேல் சுடுங்கள். கம்பியின் கோடுகள் விழுந்தே ஆக வேண்டும் என்றால், பேட்டீஸை முதலில் கல்லில் இரண்டு பக்கமும் சிவக்கவிட்டு, முழுதாக ஆறவைத்து, எண்ணெய் தடவிக் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் கம்பியில் வைக்கலாம்.

பீன்ஸை மட்டும் பார்த்துவிட்டு வீகன் என்று சொல்லிவிடுவது

பிரியோஷ் பன்னில் வெண்ணெயும் முட்டையும் இருக்கும். பெரும்பாலான வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி இருக்கும். ரொட்டித்தூளில் சில வகைகளில் பால் இருக்கும், ஹனி மஸ்டர்டில் தேன். முட்டையில் செய்யும் மயோனைஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உறையைத் திருப்பிப் படியுங்கள்.

அடுக்கி உறையவைப்பது

மிஞ்சியதை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஃபிரீசரில் வைத்தால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும், பிரிக்கும்போது உடையும். தட்டில் தனித்தனியாகப் பரப்பி முதலில் உறையவிட்டு, பிறகு இடையிடையே பார்ச்மென்ட் தாளை வைத்துப் பையில் போடுங்கள். மூன்று மாதம் வரை சுவை குன்றாமல் இருக்கும். சுடும்போது உறைபனி இளகும்வரை வெளியே வைக்கக் கூடாது, ஏனென்றால் இளகும்போது நீர் கசிந்து மேற்பரப்பு மறுபடி ஈரமாகிவிடும். ஃபிரீசரிலிருந்து எடுத்த கையோடு சிறு தீயில் கல்லில் வைத்து, மூடி போடாமல், பக்கத்துக்கு ஏழு எட்டு நிமிடம் விடுங்கள்.