போன் வயர் நெட்டை விட்டு ஃபைபருக்கு மாறலாமா?

ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை நடத்துகிறேன். "போன் வயர்ல வர்ற நெட் இழுக்குது, ஃபைபருக்கு மாறிடட்டுமா?" என்று கேட்டு வருபவர்களிடம் முதலில் நான் கேட்பது, வீட்டில் யார் யார், நெட்டில் என்ன வேலை என்பதுதான்.

செய்தி படிக்க, வாட்ஸ்அப் பார்க்க, ராத்திரி பேரனோடு வீடியோவில் பேச என்றால் 4 எம்பிபிஎஸ் போதும். எம்பிபிஎஸ் என்பது நெட் வேகத்தின் அளவு. நொடிக்கு எத்தனை எம்பி இறங்கும் என்று தெரிய அதை 8-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 4 என்றால் நொடிக்கு அரை எம்பி, 300 எம்பி ஃபைல் இறங்கப் பத்து நிமிடம். ஆனால் போன் வயரில் அப்லோடு மிகக் குறைவு. அரை எம்பிபிஎஸ்ஸில் 1 ஜிபி கல்யாண போட்டோ அனுப்ப நாலரை மணி நேரம் போய்விடும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரோ ஆன்லைன் வகுப்பில் உட்காரும் பிள்ளையோ இருந்தால் தயங்காமல் மாறுங்கள்.

அதற்கு முன் இருக்கும் லைனைச் சோதியுங்கள். வைஃபையில் பார்க்காமல், மோடத்தில் லேன் கேபிள் செருகி, காலையில் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை வேகத்தைப் பாருங்கள். கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் இழுத்தால், தடுப்பது கருங்கல் சுவர். மோடத்தை இடம் மாற்றினாலே தீரும். அப்புறம் ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். கரகரவென்று கேட்டால் பெரும்பாலும் வெளியே ஜாயின்டில் தண்ணீர் இறங்கிக் களிம்பு பிடித்திருக்கும். லைன்மேனிடம் சொல்லி, அந்த இடத்தை வெட்டிப் புதிதாக ஜாயின்ட் போட்டால் வேகம் ஏறிவிடும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்து வீட்டுக்கு இது உதவாது. செம்புக் கம்பி நீள நீள வேகம் குறையும்.

நம் மலையில் வேகத்தைவிட மழைதான் பெரிய கேள்வி. சில்வர் ஓக் மரத்துக்கு மரம் கட்டி இழுத்த ஃபைபர், ஐப்பசி கார்த்திகையில் கிளை முறிந்து விழுந்தால் அறுந்துவிடும். ஏற்கெனவே போட்டிருக்கும் பக்கத்து வீட்டாரிடம், அறுந்தபோது எத்தனை நாளில் ஆள் வந்தார் என்று கேளுங்கள். ஃபைபரின் ஒரு நல்ல குணம், கண்ணாடி இழை என்பதால் இடியின் மின்சாரம் அதன் வழியே மோடத்துக்கு வராது.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். பழைய லேண்ட்லைனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்தக் கம்பியிலேயே வருகிறது. வீட்டில் கரண்ட் போனாலும் சாதா போன் பேசும். ஃபைபரில் மோடம் அணைந்தால் போனும் அணைந்துவிடும். மோடம் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டுக்குப் பொருந்துகிற சின்ன யுபிஎஸ் ஒன்றைச் சேர்த்தே வாங்குங்கள்.

செலவு பார்க்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டியைக் கூட்டிப் பாருங்கள். தள்ளுபடி என்று சொன்னாலும் ஆண்டுச் சந்தா வேண்டாம், மாதக் கட்டணமே சரி. புதியது ஒரு அடைமழையைத் தாங்கும்வரை பழைய இணைப்பைச் சரண்டர் செய்யாதீர்கள். சரண்டர் செய்யும்போது மோடம் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கி, டெபாசிட் பணம் கைக்கு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.