பெரிய வித்வான் வீட்டுப் பிள்ளையாக வளர்வதற்கு ஒரு வழிகாட்டி

கர்நாடக இசையில் பெயர் பெற்ற ஒருவரின் வீட்டில் பிறக்கும் குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே சுருதி காதில் விழுந்துவிடுகிறது. சிஷ்யர்கள் காலையிலிருந்து வந்து போவதும், அடுத்த அறையில் வர்ணம் இரண்டு காலத்திலும் ஒலிப்பதும், மூத்த வித்வான்கள் கூடத்தில் அமர்ந்து ஒரு ராகத்தின் ஒரே பிரயோகத்தைப் பற்றி நெடுநேரம் வாதிடுவதும் அக்குழந்தைக்கு அன்றாட வாழ்க்கை. பிறர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் பெற முடியாத இந்தக் கேள்வி ஞானத்தோடு கூடவே ஒரு சுமையும் வந்து சேர்கிறது. பிள்ளை வாயைத் திறந்தவுடன் கேட்பவர்கள் தந்தையையோ தாயையோ அதற்குள் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பன்னிரண்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரை உள்ள அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவும், அவர்களை வளர்ப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: பெற்றோரின் பெயர் எட்டாத ஓர் இடத்தில், சாதாரண மாணவராகப் பிழை செய்து பிழை திருத்திக்கொள்ளும் உரிமை அந்தப் பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும்.

அந்த இடத்தை அமைத்துக்கொள்ள மிகவும் நம்பகமான வழி, வேறொரு குருவிடம் பாடம் கேட்பது. இது பெற்றோரின் வித்வத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. நம் இசைக் குடும்பங்களில் மிக உயர்ந்தவையே இதைச் செய்திருக்கின்றன. வீணை தனம்மாளின் வீட்டைவிட இசை நிறைந்த வீட்டைச் சொல்வது கடினம். ஆனாலும் அவருடைய பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நைனா பிள்ளையிடம் பயின்றார்கள். தனம்மாளின் மகள் ஜெயம்மாளின் பிள்ளைகளில் விசுவநாதன் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் புல்லாங்குழலும், ரங்கநாதன் பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கமும் கற்றார்கள். லலிதாங்கியின் மகள் எம். எல். வசந்தகுமாரி ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் சிஷ்யையாகித் தமக்கென ஒரு பாணியை அடைந்தார். வெளியில் கற்றதால் இவர்கள் யாரும் வீட்டு இசையை இழந்துவிடவில்லை. வீட்டில் காதால் வாங்கியதை வெளியில் கேட்ட பாடத்தோடு வைத்துப் பார்க்கும் வாய்ப்பைப் பெற்றார்கள்.

குருவைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் தந்தைக்குக் கடமைப்பட்டவரையோ அவருடைய பழைய சிஷ்யரையோ தேடிப் போகாதீர்கள். அவரால் உங்களைக் கடிந்துகொள்ள முடியாது. ‘இது சரியில்லை, நாளை மறுபடியும் பாடு’ என்று தயக்கமின்றிச் சொல்லக்கூடியவரே உங்களுக்கு வேண்டும். பாடாந்தரம் வேறுபடுவதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஒரே கீர்த்தனைக்கு வீட்டில் ஒரு சங்கதி அமைப்பும் குருவிடம் இன்னோர் அமைப்பும் இருந்தால், குருவிடம் குரு சொன்னபடியே பாடிப் பழகுங்கள். இதற்குப் பெற்றோரின் ஒத்துழைப்பும் தேவை. பிள்ளை பாடம் பாடிக்கொண்டிருக்கும் அறையைக் கடந்து போகும்போது, ‘அங்கே காந்தாரம் அப்படி இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது பெரிய வித்வானுக்குக் கடினந்தான். ஆனாலும் அந்தக் கட்டுப்பாட்டை அவர் பழகிக்கொள்ள வேண்டும்.

பெற்றோரே குருவாக இருந்து பிள்ளைகளை உயர்த்திய குடும்பங்களும் உண்டு. லால்குடி ஜெயராமன் தம் தந்தை கோபால ஐயரிடம் கற்றார். ஜெயராமனிடம் அவருடைய மகன் கிருஷ்ணனும் மகள் விஜயலட்சுமியும் கற்று, அவரோடு மேடையில் வாசித்தார்கள். டி. என். கிருஷ்ணனின் வீட்டிலும் வயலின் இப்படியே தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது. உங்கள் வீட்டில் இந்த வழியைத்தான் பின்பற்றுவதென்றால், பாடத்துக்கு நாள்தோறும் ஒரே நேரத்தை ஒதுக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் தந்தை குருவாக மட்டும் இருக்கட்டும். பாடம் முடிந்து சாப்பிட உட்கார்ந்த பிறகு பிருகாவை (குரல் வேகமாக உருண்டு செல்லும் சுரக்கோவையை)ப் பற்றியோ தாளம் விட்டதைப் பற்றியோ பேச்சு வரக் கூடாது. இந்த எல்லை இல்லாத வீடுகளில், இரவு உணவு நேரத்தில்கூட மதிப்பெண் போடப்படுவதாகப் பிள்ளைக்குத் தோன்றிவிடுகிறது. மேலும், கலைஞரின் ஆண்டு பள்ளியின் ஆண்டோடு ஒத்துப்போவதில்லை. டிசம்பரில் சென்னை இசை விழா, ஜனவரியில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை, ஈஸ்டரை ஒட்டி அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தியாகராஜர் ஆராதனையும் அதைத் தொடர்ந்து அமெரிக்கப் பயணமும் என்று போகும் வீட்டில், மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்காலத்தில் வீடு பயண ஏற்பாடுகளிலேயே மூழ்கியிருக்கும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பெற்றோரில் ஒருவராவது ஊரில் இருக்க வேண்டும் என்பதை, கச்சேரி ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஆண்டுத் தொடக்கத்தில் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

பாடும் ஆண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வரும். அதுவரை ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் அனாயாசமாகப் பாடிய குரல், சில மாதங்களில் எந்தச் சுருதியிலும் நிற்காமல் உடையத் தொடங்கும். ‘குழந்தை மேதை’ என்று ஊரே கொண்டாடிய பிள்ளைக்கு இது பெரும் அச்சத்தைத் தரும். தந்தையின் குரலுக்கு ஒருபோதும் ஈடாக முடியாதோ என்று அவன் நினைக்கத் தொடங்குவதும் இப்போதுதான். இந்தக் காலத்தில் மேடையை முழுவதுமாகத் தவிர்த்துவிடுங்கள். தார ஸ்தாயியை, அதாவது மேல் ஸ்தாயியை, தொட வேண்டாம். வசதியான சிறு எல்லைக்குள் மெல்லப் பாடினால் போதும். மீதி நேரத்தை லயத்துக்கும், வீணை அல்லது வயலின் பழகுவதற்கும், கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி எழுதுவதற்கும் செலவிடுங்கள். குரல் படிந்த பிறகு உங்கள் சுருதி எது என்பதைப் பொறுமையாகக் கண்டுபிடியுங்கள். தந்தை ஒரு கட்டையில் பாடுகிறார் என்பதற்காக நீங்களும் ஒரு கட்டையிலேயே பாட வேண்டியதில்லை. அரைக்கட்டை மாறினாலும் குரலுக்கு நன்மையோ கேடோ நேரும்.

அடுத்து மேடை. பெயர் பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு தாமதமாக வருவதில்லை, சீக்கிரமாகவே வந்துவிடுகிறது. ஒரு சபா செயலர் வீட்டுக்கு வந்து, ‘இந்த வருஷம் மத்தியானக் கச்சேரி ஒன்று கொடுத்துவிடலாமே’ என்று அன்போடு சொல்லும்போது மறுப்பது கடினம். ஆனால் அந்த அழைப்பை ஏற்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குறைந்தது ஐந்து வர்ணங்களும், பல ராகங்களில் பரவிய முப்பது கீர்த்தனைகளும் புத்தகம் பார்க்காமல் பாடம் இருக்க வேண்டும். அவற்றில் நான்கு ராகங்களையாவது யாரும் சொல்லிக்கொடுக்காமல் நீங்களே ஆலாபனை செய்து, நிரவலும் (கீர்த்தனையின் ஒரு வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவது) சுரமும் பாடும் நிலையில் இருக்க வேண்டும். இந்த அளவு என் சொந்த மதிப்பீடு. உங்கள் குரு இதைக் கூட்டலாம். குறைக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆயத்தமில்லாமல் ஏறிய பிள்ளையின் கச்சேரியை, சாதாரணப் பிள்ளையின் கச்சேரியைப் போல ரசிகர்கள் மறந்துவிட மாட்டார்கள். இன்னொரு யோசனையும் உண்டு. வானொலி ஆடிஷனுக்கு நீங்களே விண்ணப்பித்து, தொடக்கத் தரமான ‘பி’ கிரேடிலிருந்து படிப்படியாக மேலேறுங்கள். தந்தைக்கு வேண்டியவர்கள் தரும் வாய்ப்பிலிருந்து கிடைக்காத ஒரு தன்னம்பிக்கை அதிலிருந்து கிடைக்கும்.

கூடப் பாடுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பிள்ளைகளின் இசை வாழ்க்கை அதில்தான் உருவாகிறது அல்லது அதிலேயே நின்றுவிடுகிறது. தந்தைக்குப் பின்னால் தம்புராவோடு அமர்ந்து பாடும் பிள்ளை, அவை நிறைந்த மண்டபத்தை எப்படி உணர்வது, பக்கவாத்தியக்காரருக்கு எப்போது இடம் விடுவது, ஒரு கீர்த்தனை எடுபடாதபோது அடுத்து எதை எடுப்பது என்பவற்றையெல்லாம் எந்த வகுப்பிலும் கற்க முடியாத விதத்தில் கற்றுக்கொள்கிறது. ஆயினும் அங்கே முடிவெடுப்பவர் எப்போதும் முன்னால் இருப்பவர்தான். ராகம் அவருடையது, காலப்பிரமாணம் அவருடையது. அவருடைய மூச்சு நிற்கும் இடத்தில் இட்டு நிரப்பியே பழகிய குரல், தனியாக விடப்படும்போது தொடங்கத் தெரியாமல் திகைக்கும். எனவே கூடப் பாடுகிறவர்கள், ஆண்டுக்குச் சில கச்சேரிகளையாவது தனியாக, சிறிய ஊர்களிலும் கோயில் உற்சவங்களிலும், பெற்றோர் முன்வரிசையில் இல்லாத இடங்களில் பாட வேண்டும். அந்தக் கச்சேரிக்கு உருப்படிகளைத் தேர்வு செய்வதும் உங்கள் பொறுப்பாகவே இருக்கட்டும்.

அதே சமயம், கூடப் பாடுவதையே தன் வாழ்நாள் பணியாக மனமறிந்து தேர்ந்தெடுப்பவரைத் தோற்றவராகக் கருதுவது அநியாயம். எம். எஸ். சுப்புலட்சுமியோடு அவர் மகளாக வளர்த்த ராதா விசுவநாதன் பல பத்தாண்டுகள் பாடினார். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் நடந்த கச்சேரியிலும் ராதாவின் குரல் உடன் ஒலித்தது. அந்த இரு குரல்களின் இணைவை ஒரு முறை கவனமாகக் கேட்டவர்கள், அது எவ்வளவு நுட்பமான கலை என்பதை அறிவார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா, அல்லது வேறு எதையும் யாரும் உங்களிடம் கேட்கவில்லையா என்ற கேள்வியை மட்டும் இருபது வயதுக்குள் உங்களுக்குள்ளே கேட்டுக்கொள்ளுங்கள்.

இசையை விட்டு விலக விரும்பும் பிள்ளைக்கும் இந்த வழிகாட்டியில் இடம் உண்டு. எம். எல். வசந்தகுமாரியின் மகள் ஸ்ரீவித்யா நடிப்பில் தமக்கென்று ஓர் உயரத்தை அடைந்தார். சீர்காழி கோவிந்தராஜனின் மகன் சிவசிதம்பரம் மருத்துவராகவும் இருந்து பாடகராகவும் இருக்கிறார். விலக நினைப்பவர்கள் அதை மழுப்பாமல், கோபத்தில் அல்லாமல், ஓர் அமைதியான நேரத்தில் சொல்லிவிடுவது இருபக்கத்துக்கும் நல்லது. தேர்வைக் காரணம் காட்டிச் சாதகத்தை (அன்றாடப் பயிற்சியை) ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால், பெற்றோர் காத்திருந்து காத்திருந்து பின்னர் அதிகமாக வருந்துவார்கள். பெற்றோரும், தம் பாட்டன் காலத்துப் பாணி தம்மோடு நின்றுவிடுமே என்ற ஏக்கத்தை ஒரு சிறு பிள்ளையின் தோளில் ஏற்றாமல், நல்ல சிஷ்யர்களைத் தேடி அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பாணி குருவழியாகவும் வாழும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் ‘ஒரு பாட்டு பாடேன்’ என்று கேட்பது ஓயாது. மறுக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடாமல், ‘சாதகம் முடிந்துவிட்டது, இன்று ஓய்வு’ என்று பெரியவர்களே சொல்லிவிட வேண்டும். ‘அப்பா மாதிரி வரவில்லையே’ என்பவர்களுக்கு விளக்கம் தரத் தேவையில்லை. வணக்கம் சொல்லி நகர்ந்துவிடலாம். அனுமதிச் சீட்டு வாங்கித் தரச் சொல்பவர்களையும், பெற்றோரிடம் அறிமுகம் செய்துவைக்கச் சொல்பவர்களையும் நேராகப் பெற்றோரின் செயலரிடம் அனுப்பிவிடுங்கள். வீட்டில் நடக்கும் சாதகத்தைக் கைப்பேசியில் பதிந்து வெளியிடவே கூடாது. மேடையில் குறையின்றிப் பாடும் ஒருவர், வீட்டில்தான் தடுமாறித் தடுமாறி ஒரு புதிய பிடியைத் தேடுகிறார். அந்தத் தேடலுக்குக் காவலாக இருப்பது பிள்ளையின் கடமை.

பெற்றோரை இளம் வயதிலேயே இழந்த பிள்ளைகளின் நிலை வேறு. இசையமைப்பாளர் ஆர். கே. சேகர் 1976இல் மறைந்தபோது ஏ. ஆர். ரஹ்மானுக்கு ஒன்பது வயது; தந்தை விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்குக் கொடுத்தே அந்தக் குடும்பம் காலம் தள்ளியது. வாத்தியங்களை அவசரப்பட்டு விற்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கடைசியாக, வளர்ந்த பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒரு வேலையைச் சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளில் இது காலம் கடந்தே நினைவுக்கு வருகிறது. பெற்றோர் நலமாக இருக்கும்போதே, அவர்களுடைய ஒலிநாடாக்களையும் சுரப்படுத்திய நோட்டுப் புத்தகங்களையும் ஒழுங்குபடுத்தத் தொடங்குங்கள். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் ஸ்பூல் நாடாக்களிலும் கேசட்டுகளிலும் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த நாடாவைச் சுழலவிட்டுப் பார்க்காமல், பழைய நாடாக்களைக் கையாளத் தெரிந்தவரிடமே கொடுங்கள். ஒவ்வொன்றையும் தந்தையோ தாயோ உடனிருக்கும்போது கேட்டு, எந்த ஆண்டு, எந்த ஊர், யார் வயலின், யார் மிருதங்கம் என்று எழுதிவையுங்கள்; அந்தக் குரல்களை அடையாளம் காட்ட அவர்களைவிடத் தகுதியானவர் வேறு யாரும் இல்லை. உரிமை தொடர்பான தாள்களையும் ஒரே கோப்பில் சேருங்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் இயற்றிய சாகித்தியத்துக்கும் வர்ணமெட்டுக்கும் அவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும், மேடையில் பாடியதற்கான நிகழ்த்துநர் உரிமைக்கு அந்த நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெற்ற பாடல்களுக்கு, எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்குரிய ராயல்டியைச் சட்டப்படியான வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்க இயலாது என்பது 2012ஆம் ஆண்டுத் திருத்தம். ஆகவே ஒலிப்பதிவு நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தங்களின் நகல்களைக் கேட்டு வாங்கி, எந்தப் பாடல் யாருக்கு எத்தனை ஆண்டுக்குக் கொடுக்கப்பட்டது என்று பட்டியல் எழுதி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் இதை எல்லோரும் சேர்ந்து, பெற்றோர் முன்னிலையிலேயே செய்யுங்கள். எந்த நாடா யாரிடம் இருக்க வேண்டும், எதை வெளியிடலாம், எதை வெளியிடவே கூடாது என்பதைப் பாடியவரே சொல்லிவிட்டால் பின்னால் தகராறுக்கு இடமிருக்காது.