கடலூர் அணிகளுக்குச் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்கள்: திட்டமிடுவது எப்படி

கடலூரில் செயற்கைப் புல் திடல் என்ற பேச்சு எழுந்தாலே, எந்த இடத்தில் போடுவது என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அதைப் பின்னுக்குத் தள்ளிவைப்பது நல்லது. இடத்திலிருந்து தொடங்கினால், கிடைத்த நிலத்துக்குள் எது அடங்குமோ அது கட்டப்படும். யார் ஆடப்போகிறார்கள், எந்த நேரத்தில் ஆடப்போகிறார்கள் என்பது திறப்பு விழா முடிந்த பிறகே தெரியவரும். மாநகராட்சிக்காகத் திட்டம் எழுதுபவரானாலும், நாலைந்து அணிகள் சேர்ந்து அமைத்த குழுவுக்காக எழுதுபவரானாலும், அணிகளை எண்ணுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பதிவு பெற்ற கழகங்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு கணக்கெடுப்பு முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு போன்ற கடற்கரை ஊர்களிலும், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர்ப் பக்கங்களிலும், ஊர்ப்பெயர் அச்சடித்த பனியனோடு ஆடும் அணிகள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. 45 வார்டுகளிலும் உள்ளூர்ப் பிள்ளைகளை விட்டே விசாரிக்கச் சொல்வதுதான் சரியான வழி. பள்ளி, கல்லூரி அணிகளையும் சிப்காட் தொழிலாளர் அணிகளையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அணியிடம் "திடல் வேண்டுமா?" என்று கேட்பதில் பயனில்லை; வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? "செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு எத்தனை பேர் வருவீர்கள், எதில் வருவீர்கள், ஆளுக்கு எவ்வளவு கொடுக்க முடியும்?" என்று கேட்டால்தான் உண்மை நிலவரம் வெளிவரும்.

மகளிர் அணிகளைக் கணக்கெடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். இந்திய மகளிர் அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்த மாவட்டத்துப் பெண்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வார்டில் பெண்கள் அணியே இல்லை என்று பதில் வந்தால், ஆர்வம் இல்லை என்று பொருள் கொள்ளாமல், இருட்டுவதற்கு முன் அவர்களுக்கு எந்த மைதானத்திலும் நேரம் கிடைப்பதில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆண்டு முழுவதும் தேவை ஒரே சீராகவும் இருப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கடற்கரை ஊர் இளைஞர்களுக்கு நேரம் கிடைக்கிறது. அதே மாதங்களில்தான் பள்ளி விடுமுறையும் வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் மைதானங்கள் சேறாகிக் கிடக்கும்போது எல்லா அணிகளும் செயற்கைப் புல்லையே நாடும். ஆகவே கணக்கெடுப்பைக் கோடையில் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும் எடுப்பது உத்தமம்.

இனி மணிக்கணக்கு. முழு அளவுத் திடல் ஒன்றில், வார நாள்களில் மாலை 5 மணி முதல் 9.30 வரை, ஒன்றரை மணி நேரம் வீதம் மூன்று பயிற்சி நேரங்கள் கிடைக்கும். ஐந்து நாள்களுக்கு அவை 15. பெரியவர்கள் அணி ஒன்றுக்குப் பாதித் திடல் என்று கொண்டால், 30 அணி நேரங்கள். ஒவ்வொரு அணியும் வாரம் இருமுறை பயிற்சி செய்தால் 15 அணிகளுக்குத்தான் இடம் உண்டு. கால் திடலே போதும் என்னும் சிறுவர் அணிகளாக இருந்தால் 30 அணிகளை அமர்த்தலாம். சனி, ஞாயிறுகளில் காலை இரண்டு, மாலை இரண்டு என நாளுக்கு நான்கு ஆட்டங்கள் நடத்தினால், அந்த இரண்டு நாள்களில் 16 அணிகள் ஆடி முடிக்கும். இங்கிலாந்தில் 38 அணிகளுக்கு ஒரு முழுத் திடல் என்று ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அது நேரத்தோடு இருட்டிவிடும் குளிர்காலத்தையும் அவர்களுடைய பயிற்சி வழக்கத்தையும் வைத்துப் போட்டது. அதை அப்படியே எடுத்துக் கடலூர்த் திட்டத்தில் எழுதிவிடக் கூடாது. பகல் 10 மணி முதல் 4 மணி வரை திடல் காலியாக இருக்கும் என்பதைக் காட்டி, கொள்ளளவு இன்னும் மிச்சமிருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. கத்திரி வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். தண்ணீர் தெளித்தாலும் சற்று நேரத்தில் பழையபடி கொதிக்கும். வெறுங்காலில் ஆடிப் பழகிய பிள்ளைகள் நிறைந்த ஊரில் அந்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

கணக்கெடுப்பில் அணிகள் கேட்ட மொத்த நேரத்திலிருந்து, ஏற்கெனவே இயங்கும் தனியார் டர்ஃப்களில் கால்பந்துக்கு உண்மையில் கிடைக்கும் மாலை நேரத்தைக் கழிக்க வேண்டும். அங்கே மாலை வேளையைக் கிரிக்கெட்காரர்கள் பிடித்துக்கொள்வதால், கழிக்க வேண்டிய தொகை எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

மீதித் தேவை தெரிந்ததும் அளவைத் தீர்மானிக்கலாம். 105 மீட்டருக்கு 68 மீட்டர் திடலுக்குச் சுற்றிலும் 3 மீட்டர் விளிம்பு விட்டால், புல்தரைக்கு மட்டுமே இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல் தேவைப்படும். 73 மீட்டருக்கு 46 மீட்டர் என்ற ஒன்பதின்மர் திடல், விளிம்போடு ஏறத்தாழ ஓர் ஏக்கரில் அடங்கும். 55 மீட்டருக்கு 37 மீட்டர் என்ற எழுவர் திடலுக்குச் சுமார் 65 சென்ட் போதும். நகரின் நடுவே ஒரே ஒரு முழுத் திடலைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை ஆட்டோவில் வரச் சொல்வதைவிட, ஒரு முழுத் திடலும், முதுநகர்ப் பக்கம் ஒன்று, செம்மண்டலம் பக்கம் ஒன்று என இரண்டு மூன்று எழுவர் திடல்களும் அமைப்பதே கடலூருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. மஞ்சக்குப்பம் மைதானம் போன்ற பொது வெளிகளை மூடிப் புல் விரிக்கும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். வேலி போட்டு நேரம் ஒதுக்கிவிட்டால், காசில்லாமல் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு இருந்த ஒரே இடமும் போய்விடும்.

இடத்தைத் தேடும்போது வருவாய்ப் பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பார்த்துவிட வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் அதோடு விட்டுவிடலாம். கடலையோ உப்பனாற்றையோ ஒட்டிய நிலமானால், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அனுமதி தேவையா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். திடலின் நீளவாக்கு வடக்கு தெற்காக இருந்தால் மாலை வெயில் கோல் காப்பாளரின் கண்ணில் அடிக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை தண்ணீர்தான். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் தரத்துக்கான சோதனையில் புல்விரிப்பு மணிக்கு 180 மில்லிமீட்டர் நீரையாவது கீழே விட வேண்டும். நல்ல விரிப்புகள் அதைத் தாராளமாகவே விடும். ஆனால் அந்தத் தண்ணீர் அடித்தள ஜல்லியைக் கடந்து, குழாய் வழியாகத் தெருவின் வடிகாலுக்குப் போய்ச் சேர வேண்டுமே. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் பக்கத்துப் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் புகுந்தது. வடிகால் நிரம்பிவிட்டால் திடலில் இறங்கிய தண்ணீர் வந்த வழியே மேலேறும். புல்லிழைகளுக்கு இடையே நிரப்பியாகப் போட்ட ரப்பர்த் துகள்கள் மிதந்து வேலியோரம் ஒதுங்கும். ஆற்று வண்டல் விரிப்பின் துளைகளை அடைத்துவிடும். எனவே மனையைக் கோடையில் பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. பெருமழை விட்ட மறுநாள் அங்கே போய், சுற்றுச்சுவரில் மண்கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று டேப்பால் அளந்து, அக்கம்பக்கத்து வீட்டுக்காரரிடம் 2015 வெள்ளத்தில் எவ்வளவு நின்றது என்று விசாரித்து, வடிகாலின் அடிமட்டம் திடலின் குழாய் வாயைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று சர்வேயரை வைத்து மட்டம் எடுத்த பிறகே ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். மட்டம் ஒத்துவராத மனையை, இலவசமாகக் கிடைத்தாலும், கைவிடுவதே மேல்.

புல்லைத் தேர்ந்தெடுப்பதில் அத்தனை சிக்கல் இல்லை. சமூக அணிகள் நாள்தோறும் ஆடும் திடலுக்கு ஃபிஃபா குவாலிட்டி தரம் போதும். குவாலிட்டி புரோ என்பது தொழில்முறை ஆட்டங்களுக்கானது, ஆண்டுதோறும் மறுசோதனை கேட்பது. ரப்பர்த் துகள் நிரப்பிகளின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2031 அக்டோபர் முதல் தடை செய்கிறது. மாற்றாகச் சொல்லப்படும் தக்கைத் துகள் எடை குறைந்தது, வெள்ளத்தில் இன்னும் எளிதாக மிதக்கும். எதைப் போட்டாலும் சுற்றிலும் தாழ்வான தடுப்பும், வடிகால் வாயில் துகள் பிடிக்கும் தொட்டியும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

விளக்குகளுக்கு 200 லக்ஸ் வெளிச்சம் போதும். கம்பங்களும் வேலியும் உப்புக்காற்றில் துருப்பிடிக்காதபடி கால்வனைஸ் செய்தவையாக இருக்க வேண்டும். வலைகள் புயல் எச்சரிக்கை வந்ததும் இறக்கிவிடக் கூடியவையாக இருக்க வேண்டும். தானே புயலை 2011இல் பார்த்த ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, கட்டுவதற்கான தொகையைவிடப் புல் தேய்ந்த பின் மாற்றுவதற்கான தொகைதான் திட்டங்களைக் கவிழ்க்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியோ நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியோ கட்டுமானத்துக்குக் கிடைக்கலாம். மாதாமாதப் பராமரிப்புக்குக் கிடைக்காது. நன்றாகப் பராமரித்தாலும் விரிப்பு எட்டு முதல் பத்து ஆண்டுகள்தான் தாங்கும். மாற்ற ஒரு கோடி ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது ஆண்டுகளில் அதைச் சேர்க்க மாதம் சுமார் 93 ஆயிரம் ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவர வேண்டும். மின்கட்டணம், காவலர் சம்பளம் எல்லாம் இதற்கு வெளியே. பராமரிப்பு என்பது வாரந்தோறும் இழைகளை நிமிர்த்தி வாருவதும், நிரப்பியைச் சமன் செய்வதும்தான். பெனால்ட்டிப் புள்ளியில் மண்டியிட்டு இழைகளை விரலால் விலக்கிப் பார்த்தால், மற்ற இடத்தைவிட அங்கே நிரப்பி பள்ளமாகியிருப்பது தெரியும். கோல் வாயிலிலும் அப்படியே. அந்த இரண்டு இடங்களையும் காவலரே கவனித்து நிரப்பும்படி பழக்கிவிட்டால் விரிப்பின் ஆயுள் கூடும்.

நேர ஒதுக்கீட்டு விதிகளைத் திறப்பதற்கு முன்பே எழுத்தில் வைக்க வேண்டும். மாலை 5 முதல் 6.30 வரை சிறுவர், மகளிர் அணிகளுக்கு. அதன் பிறகு வேலைக்குப் போகிறவர்களுக்கு. இரவு 8க்கு மேல் அணிகள் எடுக்காமல் மிச்சமாகும் நேரத்தை வெளியாருக்கு முழுக் கட்டணத்தில் விட்டு, அந்த வருமானத்தில் முதல் ஒதுக்கீட்டின் கட்டணத்தைக் குறைக்கலாம். சொல்லாமல் இரண்டு முறை வராத அணி தன் நேரத்தைக் காத்திருக்கும் அணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கிரிக்கெட்டுக்கு இடமுண்டா இல்லையா என்பதையும் அப்போதே முடிவு செய்யாவிட்டால், நன்றாகக் காசு கொடுப்பவர்கள் அவர்கள்தான் என்பதால், ஓராண்டுக்குள் திடல் அவர்களுடையதாகிவிடும். கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டம், பாராட்டு விழா எதற்கும் திடலை விடுவதில்லை என்ற விதியை, யார் கேட்டாலும் காட்டும்படி, நுழைவாயிலிலேயே எழுதி மாட்ட வேண்டும். பந்தல்கால் ஊன்றிய துளையை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதற்கு ஆகும் செலவு, அந்த ஒரு நாள் வாடகையைவிட அதிகம்.