ராத்திரி பத்து மணி வசூல் பட்டியல்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கடன் கம்பெனியில் வசூல் வேலை எனக்கு. சம்பளம் குறைச்சலில்லை. ஆனாலும் காலையில் வண்டியை எடுக்கும்போதே வயிறு கலங்கும், ராத்திரி தூக்கம் வராது. வேலையை விட்டுவிடலாம் என்றே இருந்தேன்.

வீட்டில் சொல்லி 14416-க்குப் போன் செய்தேன். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண் அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். எடுத்தவர் அறிவுரை எதுவும் சொல்லாமல், “எந்த நேரத்தில் அதிகமாகப் படபடக்கிறது?” என்று கேட்டார். யோசித்தால், ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வசூல் பட்டியல் விழும் நேரம். குறைந்தவர் பெயருக்கு நேரே சிவப்பு அடித்திருக்கும்.

பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோயாகச் சேர்க்கவில்லை. வேலையோடு வரும் பிரச்சினை என்றுதான் வகைப்படுத்தியது. சரி, அப்போ வேலை நடக்கும் விதத்தைத்தானே மாற்றணும்?

ஐப்பசியில் சம்பா நட்டு முடித்த கையில் யாரிடம் பணம் இருக்கும்? தையில் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, கணக்கில் ஏறினால்தான் தவணை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அதுவும் இழுக்கும். பன்னிரண்டு மாதமும் ஒரே டார்கெட் என்றால், யார் போனாலும் திட்டுதான். (டார்கெட் போட்டவர் வயலைப் பார்த்திருக்க மாட்டார்.)

மேனேஜரிடம் மனசு சரியில்லை என்று போய் நிற்காமல், ஊர்வாரியாக அறுவடை மாதம் எழுதிய தாளை நீட்டினேன். முணுமுணுத்தார். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை டார்கெட்டைக் குறைத்து மாசியில் ஏற்றினார். பட்டியலும் காலை ஒன்பதுக்கு மாறிவிட்டது. சிவப்பை எடுக்க மட்டும் தலைமை அலுவலகத்தில் கேட்கணுமாம்.