இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் வேண்டுமா? கடிதம் முதலில், வேலை பிறகு

கோடை விடுமுறை முழுக்க பட்டத்துக்குச் சேரும் கிரெடிட் புள்ளிக்காக ஒசூரில் இன்டர்ன்ஷிப், அதாவது பயிற்சி வேலை, பார்த்துவிட்டு வந்து நிற்கும்போது, "இதுக்கு கிரெடிட் போட முடியாதுப்பா" என்று துறையில் கை விரித்தால், கோளாறு பெரும்பாலும் வேலையில் இருக்காது. காகிதத்தில்தான் இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகள் பைத்தானுக்குச் செலவிடும் கவனத்தில் கால்வாசியை அந்தக் காகிதத்துக்குக் கொடுத்தால் போதும்.

முதலில், உங்களுக்கு எந்த விதிமுறை என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் 2 வாரத்துக்கு 1 கிரெடிட், 4 வாரத்துக்கு 2, 6 வாரத்துக்கு 3. ஒரு வாரம் என்றால் 40 மணி நேரம். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸில் ஆறாம் செமஸ்டர் முடிந்த விடுமுறையில் செய்வது ஏழாம் செமஸ்டரில் மதிப்பிடப்படும். எட்டாம் செமஸ்டரின் 10 கிரெடிட் புராஜெக்ட்டையும் இன்டர்ன்ஷிப்பாகச் செய்யலாம். அது தனிக் கணக்கு, இரண்டையும் குழப்ப வேண்டாம். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி தன்னாட்சி பெற்றது. எனவே அங்கே படிப்பவர்கள் கல்லூரியின் சொந்த விதிமுறைப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். பெரியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பி.எஸ்சி., பி.சி.ஏ. படிப்பவர்களுக்கும் பாடத்திட்ட அட்டவணைதான் கடைசி வார்த்தை. சீனியர் சொன்னார் என்று போகாதீர்கள். அவர் பேட்ச் விதிமுறை வேறாக இருக்கலாம்.

மணிக் கணக்கில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 2 வாரம் என்றால் 10 வேலை நாள், நாளுக்கு 8 மணி, மொத்தம் 80. நடுவில் ஒரு அரசு விடுமுறை வந்தால் 72 ஆகிவிடும். ஆகவே தேதி கேட்கும்போதே இரண்டு நாள் சேர்த்துக் கேளுங்கள். தினம் 4 மணி நேரம்தான் வரச் சொன்னால் அதே 80 மணிக்கு 20 நாள் வேண்டும்.

எங்கே போவது? ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி ஒன்றுதான் கண்ணில் படும். தர்மபுரியிலிருந்து தினமும் போய் வருவது ஆகாத காரியம்; கிருஷ்ணகிரி ஊருக்கு ரயிலே இல்லை. ஒசூரில் தங்கினால் சமாளிக்கலாம். ஒசூர் சிப்காட் தொழிற்சாலைகளின் ஐ.டி. பிரிவையும் கேட்டுப் பாருங்கள், ஈ.ஆர்.பி. (கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்), டேட்டாபேஸ், நெட்வொர்க் எல்லாம் அங்கே நிஜமாக ஓடுகிறது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கு ஸ்டாக் கணக்கு மென்பொருள் எழுதுவதும் நல்ல வேலைதான். ஆனால் கோடை விடுமுறைதான் அவர்களுக்கு சீசன். லாரி வரிசையில் நிற்கும்போது முதலாளி உங்களிடம் உட்கார்ந்து பேச மாட்டார். மார்ச்சிலேயே பேசி முடியுங்கள். வழிகாட்ட கணினி தெரிந்த ஒருவர் அங்கே இருக்கிறாரா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் மதிப்பிடும் கமிட்டி இழுத்தடிக்கும்.

பணம் கட்டச் சொல்லி, வீட்டிலிருந்தே 'முடித்து', சர்டிபிகேட் அனுப்பும் இடங்களை விட்டுவிடுங்கள். நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண் எழுத்தும் எண்ணுமாக 15 இடம் கொண்டது. அரசுத் தளத்தில் போட்டால் பெயரும் முகவரியும் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

இடம் உறுதியானதும் வரிசை இதுதான்: துறைத் தலைவரிடம் (எச்.ஓ.டி.) போனாஃபைட், அதாவது இந்தக் கல்லூரி மாணவர் என்ற சான்று, அதைக் கொடுத்து ஆஃபர் லெட்டர், ஆஃபர் லெட்டரைக் காட்டித் துறையின் எழுத்துபூர்வ அனுமதி. அதன் பிறகே முதல் நாள் வேலை. அனுமதிக்கு முந்தைய நாட்களைப் பிறகு சேர்க்கச் சொன்னால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

முடிவுச் சான்றிதழ் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். பெயர், பதிவு எண், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மொத்த மணி, செய்த வேலை ஒரு வரி, கையெழுத்து, முத்திரை. "ஒரு மாதம் பணிபுரிந்தார்" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். இனிஷியல் தனி வம்பு. ஆதாரில் 'கவிதா முருகன்', மார்க் ஷீட்டில் 'கவிதா மு' என்றிருந்தால் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் ஏ.பி.சி. (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) கணக்குக்கு ஐ.டி. உருவாக்கும்போதே சிக்கும். கிரெடிட் அந்தக் கணக்கில்தான் ஏற வேண்டும் என்பதால், டிஜிலாக்கரில் முன்கூட்டியே பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். சான்றிதழில் மார்க் ஷீட்டில் உள்ள பெயரே இருக்கட்டும்.

தினமும் லாக் புக் எழுதுங்கள். "டேட்டாபேஸ் கற்றேன்" என்பது பதிவு அல்ல. "ஸ்டாக் டேபிளில் ஒரே பில் இரண்டு முறை ஏறியது, பில் எண்ணுக்கு யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டேன், 3 மணி நேரம்" என்பது பதிவு. அண்ணா பல்கலை முறையில் மூவர் கமிட்டி உங்கள் அறிக்கையையும் வைவாவையும் (வாய்மொழித் தேர்வு) வைத்து 100 மதிப்பெண்ணுக்கு மதிப்பிடும், முழுக்க இன்டர்னல். வைவாவில் கேள்வி வருவதும் இப்படிப்பட்ட வரியிலிருந்துதான். நிறுவனத்தின் புரோகிராம் வரிகளை (சோர்ஸ் கோட்) அறிக்கையில் ஒட்டக் கூடாது. எந்த ஸ்கிரீன்ஷாட் போடலாம் என்று மின்னஞ்சலில் கேட்டு, அந்தப் பதிலை வைத்திருங்கள்.

சான்றிதழ் மதிப்பெண் பட்டியலோடு சேர்ந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். கொடுக்கும் முன் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு நேர்முகம் போகும்போதும் அதைக் கேட்பார்கள்.