பழைய நோட்டு, பத்திரத்தைச் சீரமைக்கக் கொடுக்கும் முன்

பாலக்கோட்டு வீட்டுப் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினோம். உள்ளே தாத்தாவின் புளி வியாபாரக் கணக்கு நோட்டு, கொஞ்சம் கடிதம், ‘சேலம் ஜில்லா’ என்று எழுதிய பத்திரங்கள் (1965 வரை தருமபுரி சேலத்தோடுதானே இருந்தது). கரையான் நோட்டின் நடுவில் விரல் நுழையும் அளவுக்குத் துளைத்து, ஓட்டையைச் சுற்றி மண்ணை அப்பி வைத்திருந்தது. இதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று விசாரித்து அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

புத்தகத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக விலை கேட்காதீர்கள். பெரும்பாலும் தாள் கணக்குதான். அதனால் முதல் கேள்வியே “பக்கத்துக்கா, தாளுக்கா?” என்று இருக்கட்டும், ஏனென்றால் 200 பக்க நோட்டில் 100 தாள்தான், தாளுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10,000, அதையே பக்கத்துக்கு என்றால் 20,000. அப்புறம் அந்தத் தொகையில் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். தூசு தட்டிச் சுத்தம் செய்வது சின்ன வேலை. தாளில் ஏறி அதைப் பழுப்பாக்கும் அமிலத்தை நீக்குவது அதைவிடப் பெரியது. கிழிந்த தாளுக்கு ஜப்பான் டிஷ்யூ என்கிற மெல்லிய தாளை மாவுப் பசையால் ஒட்டித் தாங்கல் கொடுப்பதுதான் நேரத்தைத் தின்னும், முழுக்கக் கை வேலை. பூச்சி மருந்துப் புகை, பைண்டிங், அட்டைப் பெட்டி எல்லாம் தனிக் கணக்காக வரலாம். ஊதா மையோ காப்பியிங் பென்சிலோ (ஈரம் பட்டால் மை போல ஊதாவாகும் பழைய பென்சில்) இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள், தண்ணீர் பட்டால் அந்த எழுத்து கரைந்து ஓடும், வேறு முறையில் செய்ய வேண்டியிருக்கும், செலவும் ஏறும்.

செலவைக் குறைக்க ஒரே வழி, எல்லாவற்றையும் கொடுக்காமல் இருப்பது. பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம், அசலை மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வைத்தாலே போதும். அச்சடித்த புத்தகம் வேறு நூலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விஷயம் மட்டும் வேண்டுமென்றால் நல்ல வெளிச்சத்தில் ஃபோட்டோ எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். உலகத்திலேயே ஒரே ஒரு பிரதியாக இருக்கும் கையெழுத்துக்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கே கேட்பது? சென்னையில் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துக்காரர்களுக்குப் பெங்களூருதான் கிட்டம், அங்கே சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனத்தில், பழம்பொருள்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் சீரமைப்பு மையம் இருக்கிறது. வெளியாள் வேலை எடுப்பார்களா என்று ஃபோனில் கேட்டு, நாலு படம் அனுப்பிவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.

லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் நான் ஒரு பத்திரத்தை அப்படிக் கொடுத்துவிட்டேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடலாம் என்று பிறகு சொன்னார்கள், உள்ளே மாட்டிய அமிலமோ தாளைப் பழுப்பாக்கிக்கொண்டே இருக்குமாம். இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. செல்லோ டேப்பும் அப்படித்தான், பசை பழுத்துத் தாளுக்குள் இறங்கிவிடும்.

முடிவெடுக்கும்வரை பரணில் வைக்காதீர்கள், சித்திரை வெயிலுக்கு அங்கே அனல் தாங்காது. மெல்லிய பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி, துவைத்து உலர்த்திய பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் படாமல் பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். பக்கத்தில், பூச்சி அண்டாமல் இருக்க, தனியாக ஒரு வசம்பு முடிச்சு.

நான் கடைசியில் கொடுத்தது 22 தாள்தான். யார் யாருக்கு எத்தனை மணங்கு புளி போட்டார், யார் இன்னும் பாக்கி என்று தாத்தா தன் கைப்பட எழுதிய தாள்கள். மீதி நோட்டு அந்தத் துணிக்குள்ளேயே இருக்கிறது, பணம் சேரச் சேரப் பத்துப் பத்துத் தாளாகக் கொடுப்பேன்.