இரவு ஒன்பதே முக்கால் மணிச் சாப்பாடு

எனக்கு வயது 49. கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, வீடு குரோம்பேட்டையில். 2023 மார்ச் கடைசியில், வருடக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில், ஒருநாள் நாற்காலியை விட்டு எழுந்தபோது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கிளினிக்கில் பார்த்தால் பிரஷர் 150/96. மறுநாள் ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரை என்று சொல்கிறோமே, அந்த எச்பிஏ1சி 6.2. 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நடுவில், வரப்பின் மேல் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தபோதும் பிரஷர் இறங்கவில்லை. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "டென்ஷனைக் குறைங்க, சாப்பாட்டைப் பாருங்க, நல்லாத் தூங்குங்க" என்றார். எந்த டாக்டரிடம் போனாலும் இதைத்தான் சொல்வார்கள். எப்படி என்பதுதான் நமக்குத் தெரியாது. எனக்கு அது பிடிபட ஒன்றரை வருடம் ஆனது. இப்போது ஆபீஸில் யாராவது ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றால், "அக்கா, நீங்க என்ன பண்ணீங்க?" என்று என் மேசைக்கு வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஏழு நாள் எதையும் மாற்றாதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தேன், என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், எத்தனை காபி, எப்போது படுத்தேன், எந்த நேரத்தில் மனசு படபடத்தது. அவ்வளவுதான். வரவு செலவு எழுதிப் பழகிய கை என்பதால் எனக்கு இது சிரமமாக இல்லை. ஏழாம் நாள் பக்கங்களைப் புரட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஏழில் ஐந்து நாள் இரவுச் சாப்பாடு ஒன்பதே முக்காலுக்கு. சாப்பிட்ட கையோடு கட்டில். வயிறு நிறைந்து கிடப்பதால் தூக்கம் பிடிக்கப் பன்னிரண்டு ஆகிவிடும். ஐந்து மணிக்கு எழுந்தால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். அந்தக் களைப்பைத் தள்ள நான்கு டம்ளர் காபி. மூன்று மணிக்கு எரிச்சல், யார் மேலாவது சிடுசிடுப்பு. சாயங்காலம் பசி தாங்காமல் ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜி. அதனால் எட்டு மணிக்குப் பசியே இல்லை. மறுபடியும் ஒன்பதே முக்கால்.

ஹோலிஸ்டிக், அதாவது உடம்பையும் மனசையும் சேர்த்தே பார்ப்பது என்று பெரிதாகப் பேசுகிறார்களே, எனக்கு அதன் அர்த்தம் அந்தப் பக்கங்களில்தான் புரிந்தது. தூக்கம், சாப்பாடு, மனசு மூன்றும் ஒரே கயிற்றில் விழுந்த முடிச்சுகள். சரியாகத் தூங்காத உடம்பில் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யாது, பசியும் கூடும். கவலையில் இருக்கும்போது கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். அது ஈரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். அதாவது ஒரு வாய் கூடச் சாப்பிடாமலே சர்க்கரை ஏறலாம். சோற்றை மட்டும் குற்றம் சொல்லி சப்பாத்திக்கு மாறினால் தீராது.

மூன்று முடிச்சையும் ஒரே நாளில் அவிழ்க்க முயலாதீர்கள். நோட்டைப் பாருங்கள், எது இளகலாக இருக்கிறதோ அதை மட்டும் பிடியுங்கள். மூன்று வாரம் அது ஒன்றுதான். எனக்கு அது இரவுச் சாப்பாடு.

வீட்டில் இது லேசில் நடக்கவில்லை. அத்தைக்கு வயது 76. "எட்டு மணிக்கே சாப்பிட்டுட்டா பத்து மணிக்குப் பசிக்குமேம்மா" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, முதல் வாரம் எனக்கே பசித்தது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆபீஸிலேயே ஒரு சின்ன டப்பா சுண்டல் சாப்பிட ஆரம்பித்தேன். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி என்று மாற்றி மாற்றி, முந்தின இரவே ஊறப்போட்டு காலையில் குக்கரில் நான்கு விசில். இந்த டப்பா வந்த பிறகு பஜ்ஜி தானாக நின்றது. வீட்டுக்கு வந்ததும் எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட முடிந்தது.

தட்டில் என்ன மாறியது என்றும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் மூன்று கரண்டி சோறு, அதன் மேல் குழம்பு, ஓரத்தில் தொட்டுக்கொள்ளப் பொரியல். இப்போது பொரியல் தனிக் கிண்ணத்தில் வரும். அவரைக்காயோ புடலங்காயோ முருங்கைக்கீரையோ, அந்தக் கிண்ணத்தை முதலில் முழுசாகச் சாப்பிட்டுவிடுவேன். அடுத்து பருப்பு அல்லது ஒரு முட்டை. அதற்குப் பிறகுதான் சோறு, ஒன்றரைக் கரண்டி. கடைசியில் மோர். நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால், பின்னால் வரும் மாவுச்சத்து மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும். சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் மொட்டை மாடியில் நடப்பேன். தசைகள் வேலை செய்யும்போது அப்போதுதான் ஏறத் தொடங்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். காலையில் ஒரு மணி நேரம் நடக்க முடியாதவர்கள் இந்தப் பத்து நிமிடத்தையாவது விடவேண்டாம்.

சிறுதானியம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். கேழ்வரகு நல்லதுதான், கால்சியம் நிறைய இருக்கிறது. ஆனால் சர்க்கரைக்கு நல்லது என்று நம்பி அதைக் கஞ்சியாகக் கரைத்து டம்ளர் டம்ளராகக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறத்தான் செய்யும். முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி, மென்று சாப்பிடுங்கள்.

காபியை நான் விடவில்லை. மதராஸில் பிறந்து வளர்ந்தவளிடம் ஃபில்டர் காபியை விடச் சொல்வது நடக்கிற காரியமா? கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். நான்கு டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், ஒரு ஸ்பூன் 5 கிராம். ஒரு நாளைக்கு 40 கிராம், மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம் சர்க்கரை! காபியில் மட்டும்! இப்போது காலையில் இரண்டு டம்ளர், டம்ளருக்கு அரை ஸ்பூன். மதியம் இரண்டு மணிக்கு மேல் இல்லை. குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்தரை மணிக் காபி பத்தரை மணிக்கும் உள்ளே முழித்துக்கொண்டுதான் இருக்கும்.

பிரஷர் இருப்பவர்களுக்கு உப்பு முக்கியம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன், சமையலில் சேர்ப்பது எல்லாம் உள்பட. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு இந்த நான்கையும் தினசரி என்பதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன்.

இனி மனசு. தியானம் என்று கண்ணை மூடி உட்கார்ந்தால் எனக்கு ஜிஎஸ்டி கணக்குதான் ஞாபகம் வரும். எனக்குக் கைகொடுத்தது மூச்சு, அதுவும் மின்சார ரயிலில். கிண்டியில் ஏறி, லேடீஸ் பெட்டியில் கம்பியைப் பிடித்து நிற்பேன். வண்டி பரங்கிமலையை விட்டுக் கிளம்பும்போது ஆரம்பிப்பேன். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுப்பது, ஆறு எண்ணும் வரை விடுவது. நடுவில் அடக்கிப் பிடிக்கக் கூடாது. பழவந்தாங்கல் வருவதற்குள் பத்துச் சுற்று முடிந்துவிடும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கு இது. மூச்சை நீளமாக விடும்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கும். இதை நீங்களே இப்போதே சோதித்துப் பார்க்கலாம். இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, வலது கையின் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். துடிப்பு தெரிகிறதா? மூச்சை இழுக்கும்போது அது கொஞ்சம் வேகம் எடுக்கும், விடும்போது தளரும். முதல்முறை அந்தத் தளர்வு விரலில் பட்டபோது, என் உடம்பு என் பேச்சைக் கேட்கிறது என்று தோன்றி நின்ற இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. தலை கிறுகிறுத்தால் உடனே நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

மூச்சு ஒரு பக்கம் இருக்கட்டும், கவலைக்குக் காரணமே வெளியில் இருந்தால் அதையும் பார்க்கத்தான் வேண்டும். மாதக் கடைசி வேலை முழுவதும் என் தலையில் விழுந்துகொண்டிருந்தது. நோட்டில் எழுதிய மணிக்கணக்கை மேலாளரிடம் காட்டிப் பேசினேன். பாதி வேலை இன்னொருவருக்குப் போனது. எட்டரைக்கு மேல் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவைத் திறப்பதில்லை.

உடற்பயிற்சிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூங்காவில் எட்டு வடிவப் பாதை இருந்தால் அதில் நடங்கள், இல்லாவிட்டால் தெருவில் நேராக நடங்கள். நடக்கவேண்டும், அதுதான் விஷயம்.

ஒரு தவறை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும், வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காக. ஆரம்பத்தில், ஹோலிஸ்டிக் ஹீலிங் என்று போர்டு மாட்டிய ஓர் இடத்துக்குப் போனேன். லேபிள் இல்லாத மூன்று பொட்டலப் பொடிக்கு 6,800 ரூபாய் வாங்கினார்கள். "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்துங்க, நஞ்சு வெளியேறணும்" என்றார்கள். நிறுத்தினேன். மூன்றாம் வாரம் பின்மண்டையில் வலி, பிரஷர் 168/104. பிறகு பொடியில் என்ன இருந்தது என்று கேட்டபோது அதிமதுரமும் உண்டு என்றார்கள். தொண்டைக்கு இதமான சரக்குதான். ஆனால் தொடர்ந்து எடுத்தால் பிரஷரை ஏற்றும். மூலிகை என்பதாலேயே எல்லாருக்கும் ஒத்துவரும் என்று இல்லை.

சித்தாவும் இயற்கை மருத்துவமும் வேண்டும் என்பவர்களுக்குச் சென்னையில் நல்ல அரசு இடங்கள் இருக்கின்றன. எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். அங்கே தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் அயோத்திதாச பண்டிதர் மருத்துவமனை. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் யோகாவும் இயற்கை மருத்துவமும் இருக்கிறது. சானடோரியத்தில் என்னைப் பார்த்த டாக்டர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் கேட்டார். நாடி, தொடுதல், நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்று எட்டையும் பார்ப்பது சித்தர் முறை. பிறகு என் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை நிறுத்தாதீங்கம்மா, அந்த டாக்டர்கிட்டயும் இங்க வர்றதைச் சொல்லிடுங்க" என்றார். எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. யாரிடம் போனாலும் பெயருக்குப் பின்னால் பிஎஸ்எம்எஸ் (சித்த மருத்துவம்) அல்லது பிஎன்ஒய்எஸ் (இயற்கை மருத்துவம், யோகா) பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பில் கேளுங்கள். லேபிள் இல்லாத பொடியை வாயில் போடாதீர்கள். ஓடுகிற மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவு பற்றிப் பயப்படுபவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். பிரஷரும் சர்க்கரையும் இலவசமாகவே பார்ப்பார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் அத்தைக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

2024 செப்டம்பரில் என் எச்பிஏ1சி 5.8. பிரஷர் 128/82, மாத்திரையோடுதான். எடை 71இலிருந்து 66. எச்பிஏ1சி பரிசோதனையை மாதாமாதம் எடுத்துப் பார்த்துக் கவலைப்படவேண்டாம். ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அது காட்டுகிறது. அந்த அணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும், மாற்றம் அதில் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

கடைசியாக ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை முட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் சுண்டலும் மூச்சும் போதாது. எங்கள் மாடிவீட்டு அக்காவுக்கு அப்படித்தான் இருந்தது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரமும் என் கையை விடவே இல்லை. இப்போது நன்றாக இருக்கிறார், மருந்தும் எடுத்துக்கொள்கிறார். உடனே கிளம்ப முடியாவிட்டால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற இலவச எண். நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.